வேரில் புழு, ரோஜாவில் வண்டு

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், தனி வீடுகள் வரிசையாக நிற்கும் புறநகர்த் தெருக்களில், செப்டம்பர் மாதம் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. கோடை முழுக்கப் பச்சையாக இருந்த முன்புறப் புல்தரையில் திட்டுத் திட்டாகப் பழுப்பு விழுந்திருக்கும். தண்ணீர் போதவில்லை போலும் என்று வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிடுவார். பழுப்பு இன்னும் பரவும். ஒருநாள் விடிந்து பார்த்தால் ஸ்கங்கோ ரக்கூனோ இரவில் வந்து தரையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். காலால் தள்ளினால் புல் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருண்டு வரும். பிடித்துக்கொள்ள அடியில் வேரே இல்லை. மண்ணில் வளைந்து கிடக்கும், பழுப்புத் தலையும் ஆறு கால்களும் கொண்ட வெள்ளைப் புழுக்கள்தான் வேரைத் தின்று தீர்த்தவை. ரக்கூன் தேடி வந்ததும் அவற்றைத்தான்.

அதே வீட்டில் ஜூலை மாதம் வேறொரு புலம்பல் கேட்டிருக்கும். ரோஜாச் செடியில் இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகிவிட்டன. பூக்களுக்குள் பளபளக்கும் பச்சை வண்டுகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. அப்போது ரோஜாவுக்கு ஒரு மருந்து வாங்கியிருப்பார்கள். இப்போது புல்லுக்கு ஒரு மருந்து வாங்குவார்கள். இரண்டும் ஒரே பூச்சியின் வேலை என்பது பலருக்குத் தெரியாது. அதன் பெயர் ஜப்பானிய வண்டு. அறிவியல் பெயர் போப்பிலியா ஜப்பானிகா.

வண்டின் நீளம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். உலோகப் பச்சை நிறத் தலையும் மார்பும், செம்பு நிற இறக்கை மூடிகளும், வயிற்றின் இரு விளிம்பிலும் ஐந்தைந்தாக வெள்ளை முடிக்கற்றைகளும் கொண்டது. பார்க்க அழகான பூச்சி என்பதை அதனிடம் தோட்டத்தைப் பறிகொடுத்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள். ரோஜா, திராட்சை, ஆப்பிள், லிண்டன், மக்காச்சோளம் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களை அது உண்கிறது. ஜூன் கடைசியில் மண்ணிலிருந்து வெளியே வரும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் உயிரோடிருக்கும். பெண் வண்டு பகலெல்லாம் தின்றுவிட்டுப் பிற்பகலில் புல்தரையில் இறங்கி, மண்ணுக்குள் சில அங்குலம் துளைத்துச் சில முட்டைகளை இட்டுவிட்டு மறுபடி செடிக்குத் திரும்பும். இப்படிப் பல தடவை இறங்கி ஏறி, மொத்தம் நாற்பது முதல் அறுபது முட்டைகள் வரை இடும். இரண்டு வாரத்தில் புழு வெளிவரும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அது பெருத்து, வேரை முழுமூச்சாகத் தின்னும். பனி விழத் தொடங்கியதும் பத்து, இருபது சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத்தில் மேலேறிச் சிறிது தின்று, மே, ஜூனில் கூட்டுப்புழுவாகி, மறுபடியும் வண்டாகும். வாழ்நாளில் ஏறத்தாழ பத்து மாதம் மண்ணுக்குள், மீதி ரோஜாவில்.

சொந்த நாடான ஜப்பானில் இது பெரிய தொல்லையே அல்ல. அங்கே இதைத் தின்பதற்கும் இதன்மேல் ஒட்டுண்ணியாக வாழ்வதற்கும் குளவிகளும் ஈக்களும் உண்டு. முட்டையிட விரிந்த புல்தரைகளும் அங்கே குறைவு. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். 1916 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் ரிவர்ட்டன் அருகே ஒரு நர்சரியைச் சோதிக்கப் போன மாநிலப் பூச்சியியல் ஆய்வாளர்கள் எட்கர் டிக்கர்சனும் ஹாரி வைஸும் இந்த வண்டை முதன்முதலில் கண்டார்கள். அப்போது கிடைத்தவை ஒரு டஜன்கூடத் தேறாது. ஐரிஸ் பூச்செடியின் கிழங்கோடு ஒட்டிவந்த மண்ணில் புழுவாக, 1912-க்கு முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கணிப்பு. வெளிநாட்டுச் செடிகளைச் சோதிக்கும் தாவரத் தடுப்புச் சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1912-இல்தான்.

வந்த புழுவுக்குக் கிடைத்த விருந்தின் அளவைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். கிறிஸ்டினா மிலேசி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2005-இல் போட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் வீடுகளையும் பூங்காக்களையும் கோல்ஃப் மைதானங்களையும் சூழ்ந்த புல்தரையின் பரப்பு சுமார் 1,64,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1,30,000-தான். யாரும் அறுவடை செய்யாத இந்தப் புல், அந்த நாட்டில் பாசனம் பெறும் மக்காச்சோளத்தைப்போல மூன்று மடங்கு நிலத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டின் முன்னால் கத்தரித்த புல் இல்லாவிட்டால் தெருவுக்கே கௌரவக் குறைவு என்று ஒரு சமூகம் நினைத்ததன் விளைவு அது. ஜப்பானிய வண்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது ஐரிஸ் கிழங்கு. அதைப் பெருக்கியது இந்த நினைப்பு.

ஒழிப்பு முயற்சி உடனே தொடங்கியது. கையால் பொறுக்கினார்கள், மண்ணில் சோடியம் சயனைடு ஊற்றினார்கள், ஈய ஆர்சனேட்டைப் புல்தரைகளில் கலந்தார்கள். வண்டு நகர்ந்துகொண்டே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளோர்டேன், ஆல்ட்ரின், டீல்ட்ரின் போன்ற நீடித்த நஞ்சுகள் வந்ததும் ஆர்வம் எல்லை மீறியது. இல்லினாய் மாநிலத்தின் ஷெல்டன் என்ற ஊரில் 1954 முதல் வானிலிருந்து டீல்ட்ரின் தெளித்தார்கள். ராபின்கள் முதலான பறவைகள் கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்டன. பண்ணைப் பூனைகளில் பத்துக்கு ஒன்பது முதல் ஆண்டிலேயே செத்தன. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் ஓர் அத்தியாயமே இந்த வண்டின் பெயரால் நடந்த அழிவைப் பற்றியது. வண்டு மட்டும் ஷெல்டனைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது.

கார்சன் எடுத்துக்காட்டிய மாற்று வழி கிழக்கு மாநிலங்களில் அப்போதே நடைமுறையில் இருந்தது. 1933-இல் நியூ ஜெர்சி மண்ணில் சில புழுக்கள் பால்போல வெளுத்துச் சாவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பேனிபாசில்லஸ் போப்பிலியே என்னும் பாக்டீரியா புழுவின் உடல்நீரில் கோடிக்கணக்கில் பெருகுவதே காரணம். நோயுற்ற புழுக்களை அரைத்து, சுண்ணப் பொடியோடு கலந்து, 1939 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அரசே தூவியது. பாக்டீரியா இந்தப் புழுவைத் தவிர வேறெதையும் தொடாது என்பது இதன் பெருமை. ஆனால் இன்று கடையில் விற்கும் ‘பால்நோய்ப் பொடி’யைப் பற்றி அதே பெருமையைப் பேச முடியாது. அண்மைக்காலச் சோதனைகளில் அது சொல்லும்படியான பலனைக் காட்டவில்லை. பல்கலைக்கழக ஆலோசகர்கள் அதைப் பரிந்துரைப்பதையே குறைத்துவிட்டார்கள்.

நூற்புழுக்களின் கதை இதைவிட நம்பிக்கை தருவது. ருடால்ஃப் கிளேசர் 1929-இல் நியூ ஜெர்சியின் ஒரு கோல்ஃப் மைதானத்தில், இந்த வண்டின் புழுக்களுக்குள் கண்ணுக்கே சரியாகத் தெரியாத நூற்புழுக்கள் இருப்பதைக் கண்டறிந்தார். அவற்றை ஆய்வகத்தில் வளர்த்து வயலில் விட்டும் பார்த்தார். பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுவைப் பயிர்ப் பாதுகாப்புக்கு இறக்கிய முதல் முயற்சி அதுதான். இப்போது அதிகம் பயன்படுவது ஹெட்டெரோராப்டைட்டிஸ் என்னும் பேரினம். இந்த நூற்புழு மண்ணின் ஈரத்தில் நீந்திப்போய் இரைப்புழுவின் உடலைத் துளைத்து நுழையும். தன் குடலில் சுமந்துவந்த பாக்டீரியாவை உள்ளே கக்கும். இரண்டு நாளில் புழு செத்து, செங்கல் நிறமாகிவிடும். இந்தப் பேரினத்தில் ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா என்னும் இனம் 1992-இல் உலகுக்கு அறிமுகமானது கோயம்புத்தூரில் கிடைத்த மாதிரியிலிருந்துதான். இன்று இந்தியாவில் கரும்பின் வேர்ப்புழுவுக்கு எதிராகப் பயன்படும் நூற்புழு அது.

ஒரு சின்ன ஈயும் கணக்கில் உண்டு. 1920களில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து விட்ட இஸ்டோகீட்டா ஆல்டிரிச்சி என்னும் ஈ, வண்டின் மார்பின் மேல் கடுகைவிடச் சிறிய வெள்ளை முட்டை ஒன்றை ஒட்டிவிட்டுப் போகும். அதிலிருந்து வரும் புழு வண்டுக்குள் இறங்கி, ஒரு வாரத்தில் கதையை முடித்துவிடும். ஆகவே ரோஜாவில் வண்டு பொறுக்குகிறவர்கள் மார்பில் வெள்ளைப் புள்ளி உள்ளதை விட்டுவிட வேண்டும். அதைக் கொன்றால் நம் பக்கத்து ஆளையும் சேர்த்துக் கொன்றதாகும்.

வண்டின் மூக்கை வைத்து அதைப் பிடிக்கலாம் என்ற யோசனையும் பழையதுதான். ரோஜா, ஜெரானியம் போன்றவற்றில் உள்ள ஜெரானியால், கிராம்பில் உள்ள யூஜெனால் ஆகிய மணங்கள் இதை இழுக்கும். ஆண் வண்டை இழுப்பது பெண் வண்டு வெளிவிடும் இனக்கவர்ச்சிப் பொருள். அதன் மூலக்கூற்றை ஜேம்ஸ் டம்லின்சன் குழுவினர் 1977-இல் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் அதே பொருளைத் தயாரித்துப் பொறியில் வைத்தபோது வண்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் நுட்பமானது. இந்த மூலக்கூறு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்களில் அமையும். பெண் வண்டு தயாரிப்பது ஒரு வடிவத்தை மட்டும். ஆய்வகத்தில் இரண்டும் கலந்து உருவாகின. பிம்ப வடிவம் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே ஆண் வண்டின் ஆர்வம் குறைந்துவிடுகிறது. இவ்வளவு கறார் ஏன் என்பதற்கு விடை ஜப்பானில் இருந்தது. அங்கே அதே நிலத்தில் வாழும் ஒசாகா வண்டு அந்தப் பிம்ப வடிவத்தைத்தான் தன் அழைப்பாகப் பயன்படுத்துகிறது. இரண்டு இனங்களும் குழம்பிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு.

சுத்தமான வடிவம் தயாரானதும் மலர் மணமும் இனக்கவர்ச்சிப் பொருளும் சேர்ந்த மஞ்சள் பொறிகள் கடைக்கு வந்தன. ஒரே நாளில் பை நிறையும்போது வாங்கியவருக்கு மகிழ்ச்சி தாங்காது. ஆனால் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் கார்டன் என்பவரும் டேனியல் பாட்டரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தது. பொறி தொலைவிலிருந்து இழுத்துவரும் வண்டுகளில் ஒரு பகுதிதான் பையில் விழுகிறது. மிச்சம் பக்கத்துச் செடியில் இறங்கி விருந்துண்கிறது. பொறி வைத்த இடத்தில் செடிச் சேதம் குறையவில்லை, கூடியது. எங்கே வண்டு பரவியிருக்கிறது என்று அரசு கண்காணிக்க இந்தப் பொறி அருமையான கருவி. வீட்டுத் தோட்டத்தில் அதை மாட்டுவது தெருவிலுள்ள வண்டுக்கெல்லாம் அழைப்பு வைப்பதுதான்.

பழைய முறையே இங்கே மேல். விடிகாலையில் குளிரால் வண்டு மந்தமாக இருக்கும். சோப்புத் தண்ணீர் உள்ள வாளியைக் கிளையின் கீழே பிடித்துத் தட்டினால் தானே உதிர்ந்து விழும். கடிபட்ட இலையிலிருந்து கிளம்பும் மணம் மேலும் வண்டுகளை அழைக்கும் என்பது நிரூபணமான செய்தி. அதனால் சீசனின் முதல் சில நாட்களில் வந்து இறங்கும் வண்டுகளை அகற்றுவதற்கு, பிறகு நூறு நூறாகப் பொறுக்குவதைவிட மதிப்பு அதிகம்.

ஜெரானியம் பூவிடம் இந்த வண்டு படும் பாடு தனி வேடிக்கை. இதழைத் தின்ற அரை மணி நேரத்தில் வண்டு மல்லாந்து விழுந்து, பல மணி நேரம் முடங்கிக் கிடக்கும். ஆய்வகத்தில் ஒரு நாளுக்குள் தெளிந்து எழும். எழுந்ததும் மறுபடி அதே இதழைத் தேடிப் போகும். தோட்டத்தில் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை, கிடக்கும்போதே பறவையோ எறும்போ தூக்கிவிடும். முடக்குகிற பொருள் குயிஸ்குவாலிக் அமிலம் என்று 2011-இல் உறுதி செய்தார்கள். நரம்புச் செய்தியைக் கடத்தும் குளுட்டமேட் என்னும் பொருளைப்போல நடித்து நரம்பையும் தசையையும் குழப்புவது அதன் வேலை. அந்த அமிலத்துக்கு அப்பெயர் வந்தது குயிஸ்குவாலிஸ் இண்டிகா என்னும் கொடியிலிருந்து. நம் ஊர் வாசல் பந்தல்களில் வெள்ளையாக மலர்ந்து சிவப்பாக மாறும் ரங்கூன் மல்லிதான் அது.

வேம்புக்கும் இதில் பங்குண்டு. வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த இலையை ஜப்பானிய வண்டு ஒதுக்கிவிடுகிறது என்று அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 1978-இலேயே எழுதினார்கள். இன்று அங்கே இயற்கைத் தோட்டக்காரர்கள் தெளிக்கும் மருந்துகளில் வேம்பும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், இதே குடும்பத்தைச் சேர்ந்த, தமிழ்நாட்டில் நிலக்கடலையையும் கரும்பையும் தாக்கும் வேர்ப்புழுவின் வண்டு, கோடை மழை பெய்ததும் அந்தியில் கிளம்பிப்போய் மேய்வது வேப்பிலையைத்தான்.

இனி புல்தரைக்கு வருவோம். இங்கே மருந்தைவிட மாதத்துக்கு முக்கியத்துவம் அதிகம். ஜப்பானிய வண்டின் முட்டை மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி இரு மடங்காக உப்பினால்தான் பிழைக்கும். பெண் வண்டும் ஈரமான மண்ணையே தேடி இறங்குகிறது. சுற்றிலும் வறண்ட ஜூலையில் ஒரு வீட்டில் மட்டும் தினமும் தெளிப்பான் சுழன்றால், தெருவின் முட்டைகளெல்லாம் அந்த வீட்டுக்குத்தான். முட்டையிடும் வாரங்களில் பாசனத்தை நிறுத்துவதும் புல்லை உயரமாக விட்டு வெட்டுவதும் புழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று பாட்டரின் குழு 1996-இல் காட்டியது. நியூ ஜெர்சியில் வளரும் கென்டக்கி புளூகிராஸ் போன்ற குளிர்ப்பகுதிப் புற்கள் கோடையில் தண்ணீர் இல்லாவிட்டால் பழுத்து உறங்கும். சில வாரங்களில் செத்துவிடாது. மழை வந்ததும் குருத்துவிடும். பழுத்த புல்லைப் பார்க்கப் பொறுக்காத மனம்தான் இங்கே புழுவுக்கு உதவுகிறது.

ஆகஸ்ட் கடைசியில் கணக்கு மாறுகிறது. முட்டை பொரித்து முடிந்தது; புழு வேரைத் தின்கிறது. இப்போது தண்ணீர் கொடுத்தால் புல் புதிய வேர் விட்டுத் தாக்குப்பிடிக்கும். எந்த மருந்தையும் வாங்கும் முன் செய்யவேண்டியது ஒரு சோதனை: பழுப்புத் திட்டின் ஓரத்தில் ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டி, புல்லைப் புரட்டி, புழுக்களை எண்ணுவது. நாலைந்து இருந்தால் ஆரோக்கியமான புல் தாங்கிக்கொள்ளும். பத்தை நெருங்கினால் நடவடிக்கை தேவை. நூற்புழுவை மண்ணில் இறக்கச் சரியான நேரமும் இந்த ஆகஸ்ட் கடைசிதான்: புழு சிறிதாக மேலேயே இருக்கும், மண் வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் சாய்ந்த பிறகு, நனைந்த மண்ணில் விட வேண்டும்.

ரசாயன மருந்துகளும் காலத்துக்குக் கட்டுப்பட்டவை. குளோரான்ட்ரானிலிப்ரோல் மெல்லக் கரைவதால் ஏப்ரல், மே மாதங்களிலேயே இட்டு, ஆகஸ்டில் பிறக்கும் புழுவுக்காகக் காத்திருக்க வேண்டும். புழு பெருத்து ஆழத்துக்கு இறங்கத் தொடங்கிய அக்டோபரில் எதை இட்டாலும் காசு வீண். இமிடாகுளோப்ரிட் வகை மருந்துகள் புல்தரையில் பூக்கும் குளோவர் வழியாகத் தேனீக்களைச் சேர்வதால், வீட்டுத் தோட்டங்களில் அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நியூ ஜெர்சி 2022-இல் இயற்றியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தன் புல்தரையில் புழுவைக் கொன்றவரின் ரோஜாவுக்கு அதனால் பாதுகாப்பு வந்துவிடாது. வண்டு பறக்கும், அடுத்த தெருவிலிருந்து வரும். புல்லையும் ரோஜாவையும் தனித்தனியாகத்தான் காக்க வேண்டும்.

சேதமான தரையைச் செப்பனிட நியூ ஜெர்சியில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை உகந்த காலம். மண்ணில் கோடைச் சூடு மிச்சமிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களைகள் முளைப்பது குறைந்திருக்கும். வசந்தத்தில் விதைத்த நாற்று வேரூன்றுவதற்குள் கோடை வந்து கருக்கிவிடும். முதலில் புழு அடங்கியதா என்று பார்த்துக்கொண்டு, செத்த புல்லை வாரி எடுத்து, மேல்மண்ணைக் கீறி இளக்க வேண்டும். விதை மண்ணோடு ஒட்டாமல் செத்த புல்லின் மேல் கிடந்தால் முளைத்தாலும் காய்ந்துவிடும். பெரும்பாலோரின் செலவு வீணாவது இந்த இடத்தில்தான். டால் ஃபெஸ்க்யூ வகை விதை, வெற்றுத் தரைக்கு ஆயிரம் சதுர அடிக்கு மூன்று கிலோ போதும். அதன் வேர் ஆழமாக இறங்குவதால் மற்ற புற்களைவிடப் புழுவின் கடியைத் தாங்கும். சில ரகங்களில் இயற்கையாக வாழும் பூஞ்சை, தண்டையும் இலையையும் கடிக்கும் பூச்சிகளை விரட்டும். வேர்ப்புழுவிடம் அது பெரிதாகப் பலிக்காது. விதைத்த பின் மேல்மண் காயாதபடி லேசாக, அடிக்கடி நனைத்துவர வேண்டும். ஃபெஸ்க்யூ ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். புளூகிராஸுக்கு மூன்று, நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறையின் மதிப்பீட்டில், இந்த ஒரு வண்டைக் கட்டுப்படுத்தவும் அது கெடுத்த புல்தரையை மாற்றவும் அந்நாடு ஆண்டுக்கு 46 கோடி டாலருக்கு மேல் செலவிடுகிறது. மேற்குக் கரை மாநிலங்களுக்குப் போகும் சரக்கு விமானங்களைக் கோடையில் கிழக்கு விமான நிலையங்களில் சோதித்து அனுப்புகிறார்கள். அப்படியும் 2016-இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் அருகே கூட்டமாகப் பிடிபட்டது. ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் 2014-இல் இத்தாலியின் மிலான் நகருக்கு அருகே முளைத்தது. 2023-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் விமான நிலையத்தை ஒட்டிய குளோட்டனில் தென்பட்டபோது, அந்த வட்டாரத்தில் புல்தரைக்குத் தண்ணீர் விடுவதையே அதிகாரிகள் தடை செய்தார்கள்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தமிழர்கள் ஊருக்கு வரும்போது பூச்செடிக் கிழங்கையோ வேரோடு பெயர்த்த செடியையோ பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது உண்டு. அவற்றோடு ஒட்டிய ஒரு பிடி மண்ணில் புழு ஒளிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்பு ஆணையின்படி, அனுமதியும் சோதனையும் இல்லாமல் மண்ணோ செடியோ கொண்டுவருவது குற்றம். செடி மீது ஆசை என்றால் முறையாக உரிமம் பெற்ற இறக்குமதியாளரிடம் வாங்குங்கள், பெட்டியில் வேண்டாம்.